மைலோமாவும் முதுகெலும்பு முறிவும்: முதல் வலியிலிருந்து மறுபடி நடப்பதுவரை

குடத்தைத் தூக்கும்போதோ, பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதோ, சில சமயம் வெறுமனே தும்மும்போதோ முதுகில் சுரீரென்று பிடிக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. வயது அறுபதைத் தொட்டிருந்தால் 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லி, பெல்ட், கால்சியம் மாத்திரை, வலி ஊசி என்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவும் இருக்கும். சிலருக்கு மட்டும் அந்த எலும்பை நசுக்கியது தேய்மானம் அல்ல, எலும்பு மஜ்ஜைக்குள் வளரும் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்.

இந்த வழிகாட்டி அவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும். முதுகுக்கு ஒரு வைத்தியம், அது முடிந்த பிறகு புற்றுநோய்க்கு ஒரு வைத்தியம் என்று வரிசை கட்டி நிற்க இந்த நோயில் நேரமில்லை. இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும். எலும்பு டாக்டரிடம் மட்டும் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால், அதற்குள் இன்னும் இரண்டு எலும்பு நசுங்கியிருக்கும், சிறுநீரகமும் அடி வாங்கியிருக்கும். கீழே சொல்லும் மருந்து விவரங்கள் டாக்டரிடம் விவரம் தெரிந்து பேசுவதற்காக. வீட்டில் நாமே மாத்திரையைக் கூட்டிக் குறைப்பதற்காக அல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னால்: காலைப் பாருங்கள்

முதுகு வலியோடு கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

- கால் பலம் குறைவது, படியேறும்போது முட்டி மடங்கிப்போவது, செருப்பு தன்னால் கழன்று விழுவது
- நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை கட்டியதுபோல இறுக்கம், அதற்குக் கீழே மரத்துப்போதல்
- சிறுநீர் வராமல் நிற்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது
- உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லாமல் போவது

நசுங்கிய எலும்போ, அதிலிருந்து வெளியே வளர்ந்த கட்டியோ தண்டுவடத்தை அழுத்துகிறது என்பதற்கான அறிகுறிகள் இவை. இதில் கணக்கு மணி நேரத்தில்தான். நடந்து வரும் நிலையிலேயே சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுக்க விழுந்து சில நாள் ஆகிவிட்டால் திரும்ப வருவது கடினம். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு ராத்திரியைக்கூடத் தள்ளாதீர்கள். நோயாளியை ஆட்டோவில் உட்காரவைத்துக் குலுக்காமல், படுக்கவைத்து 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள். முதுகெலும்பு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி நல்லது. அங்கே வழக்கமாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உடனே ஏறும், முதுகுத்தண்டு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். வலிக்கிற இடத்துக்கு மட்டும் எடுத்தால் போதாது, அழுத்தம் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கலாம்.

ஏன் முதுகெலும்பே உடைகிறது

எலும்பு என்பது தினமும் கொஞ்சம் அரிக்கப்பட்டு, அந்த இடம் மறுபடி கட்டப்படும் உறுப்பு. அரிக்கும் செல்களுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்றும், கட்டும் செல்களுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்றும் பெயர். மைலோமா செல்கள் முதல் கூட்டத்தை முடுக்கிவிடுகின்றன, இரண்டாவது கூட்டத்தை முடக்கிவைக்கின்றன. ஓட்டை விழுகிறது, அடைக்க ஆளில்லை. வேறு உறுப்புப் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும்போது பல சமயம் ஓரளவு புது எலும்பும் உருவாகும். மைலோமாவில் அது கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. 'போன் ஸ்கேன்' என்ற பழைய பரிசோதனை இந்த நோயில் ஏமாற்றுவதற்கும் அதுதான் காரணம். அந்த ஸ்கேன் பிடிப்பது எலும்பு கட்டப்படும் இடங்களைத்தான்.

பெரியவர்களுக்கு ரத்தம் உற்பத்தியாகும் சிவப்பு மஜ்ஜை முதுகெலும்பு, விலா, இடுப்பு, மண்டையோடு ஆகியவற்றில்தான் அதிகம். அதனால் நோயும் அங்கேதான் குடியேறுகிறது. இவற்றில் நாள் முழுக்க உடம்பின் எடையைத் தாங்குவது முதுகெலும்பு. பெரும்பாலும் முள்ளெலும்பின் முன்பக்கம்தான் நசுங்கி ஆப்பு வடிவத்துக்கு வரும். ஒன்றுக்கு மேல் இப்படி ஆனால் உயரம் குறையும், கூன் விழும், விலாக்கூடு வயிற்றை நெருங்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துபோவதும் மூச்சு வாங்குவதும் இதனால் வருபவை.

மருத்துவ வரலாற்றில் இந்த நோய் அறிமுகமானதே ஒரு முறிவோடுதான். 1844 செப்டம்பரில் தாமஸ் அலெக்சாண்டர் மெக்பீன் என்ற லண்டன் வியாபாரி, விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு நிலவறையிலிருந்து தாவி வெளியே வந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ முறிந்ததுபோல உணர்ந்தார். 1846 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். அவருடைய சிறுநீரை ஆராய்ந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸின் பெயர், மைலோமா நோயாளிகளின் சிறுநீரில் இறங்கும் புரதத்துக்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

படி 1: இது வெறும் தேய்மானம்தானா?

மேற்கு நாடுகளில் மைலோமா பெரும்பாலும் எழுபதை நெருங்கும்போது தெரியவருகிறது. இந்தியாவில் ஐம்பதுகளிலேயே பலருக்கு வந்துவிடுகிறது. ஆகவே '55 வயதுதானே' என்று விட்டுவிட முடியாது. பெரிதாக அடிபடாமலே முறிந்தது, ஒரே நேரத்தில் பல எலும்புகள் நசுங்கியிருப்பது, ஆண்களுக்கு வருவது, கழுத்துக்குச் சற்றுக் கீழே மேல்முதுகில் முறிவது, கூடவே சோர்வும் எடைக் குறைவும் இருப்பது ஆகியவை எல்லாம் சந்தேகத்தைக் கூட்டும். படுத்திருக்கும்போது வலி அடங்கி, புரண்டாலோ எழுந்தாலோ கொல்லும் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதித் துப்பு அங்கேயே இருக்கும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண்) ஏறியிருக்கிறது, கால்சியம் அதிகம், இ.எஸ்.ஆர். நூறைத் தாண்டியிருக்கிறது என்பவை முதல் வரிசை. பலரும் கவனிக்காத ஒன்று கல்லீரல் பரிசோதனைத் தாளில் இருக்கிறது. அதில் 'டோட்டல் புரோட்டீன்' என்று ஒரு வரி, அடுத்து 'ஆல்புமின்'. முதல் எண் 10.2, இரண்டாவது 3.1 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 7.1. இதுதான் குளோபுலின். சாதாரணமாக 2 முதல் 3.5 வரை இருக்க வேண்டியது. முதுகு முறிந்த ஒருவருக்கு இந்த எண் இப்படி எகிறியிருந்தால், அடுத்த சீட்டு ரத்தநோய் மருத்துவரிடம்தான். ஆனால் குளோபுலின் சரியாக இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஒரு வகை மைலோமா லைட் செயின் என்ற சிறு புரதத்தை மட்டும் சுரக்கும், அதில் இந்த எண் குறைந்துகூட இருக்கும்.

படி 2: பரிசோதனைகள்

ரத்தத்தில் மூன்று பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்: சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரஸிஸ், இம்யூனோஃபிக்சேஷன், ஃப்ரீ லைட் செயின். முதலாவதை மட்டும் செய்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், லைட் செயின் வகை நழுவிவிடும். பிறகு இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள், சில நிமிட வேலை. முதுகு முறிந்தவர் அதற்காகக் குப்புறப் படுக்க வேண்டியதில்லை, ஒருக்களித்துப் படுத்தே எடுக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படங்களில் எக்ஸ்ரே மிகவும் பிந்தியது. எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் அதில் ஓட்டை தெரியும். இன்று வழக்கம், உடல் முழுவதற்கும் குறைந்த கதிர்வீச்சு சிடி அல்லது பெட்-சிடி, முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எந்த எலும்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதைச் சிடி நன்றாகக் காட்டும். மஜ்ஜைக்குள் என்ன இருக்கிறது, நரம்பு அழுந்துகிறதா, முறிவு புதியதா பழையதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவதாக இருந்தால் கிரியாட்டினின் எண்ணை அங்கே இருப்பவர்களிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

படி 3: வலியை அடக்குவது, சிறுநீரகத்தைக் கெடுக்காமல்

இந்தப் பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதி மருந்து டப்பாவின் மூடியில் ஒட்டிவைக்கலாம்.

டிக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ரோக்சென் வேண்டாம். ஊசியாகவும் வேண்டாம், மாத்திரையாகவும் வேண்டாம். மைலோமாவின் புரதம் ஏற்கெனவே சிறுநீரகக் குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் இந்த மருந்துகள் சேர்ந்தால், சில நாளிலேயே டயாலிசிஸ்வரை கொண்டுபோய் விட்டுவிடும். நம் ஊரில் முதுகுவலி என்று போய் நின்றாலே இடுப்பில் ஏறுவது டிக்ளோஃபெனாக்தான். கடையில் 'பாராசிட்டமால்தான்' என்று கொடுக்கும் பல அட்டைகளில் அசிக்ளோஃபெனாக்கும் கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். செந்தூரம், பற்பம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தால், மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சிறுநீரகம் மிஞ்சும்.

சரி, என்னதான் கொடுப்பது? பாராசிட்டமாலில் தொடங்கி, போதாவிட்டால் ட்ரமடால், அதற்கும் மேலே மார்ஃபின். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும் என்பதால், ஃபென்டனில் அல்லது பியூப்ரெனார்ஃபின் பட்டையைத் தோலில் ஒட்டச் சொல்வார்கள். நரம்பு அழுந்தி மின்சாரம் பாய்வதுபோன்ற வலிக்குக் கபபென்டின், பிரிகாபலின் உண்டு, இவற்றுக்கும் சிறுநீரகத்தைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். மார்ஃபின் என்றதும் 'அடிமையாகிவிடுவாரே' என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மருத்துவர் பார்வையில் வலிக்காக எடுப்பவர்களிடம் அது அரிது. வலியில் அசையாமல் கிடந்து நிமோனியாவும் படுக்கைப்புண்ணும் வரவழைத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

இந்த மருந்துகளைத் தொடங்கும் அன்றே மலச்சிக்கலுக்கும் மருந்து தொடங்க வேண்டும். மூன்று நாள் கழித்து முக்கினால் அந்த அழுத்தம் முழுக்க முறிந்த எலும்பின்மேல்தான் இறங்கும். மலச்சிக்கலோடு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பமான பேச்சு எல்லாம் சேர்ந்து வந்தால் மாத்திரையைக் குறை சொல்லாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

நீவிவிடுவது, சுளுக்கெடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது, இழுத்துக் கட்டுவது எதுவும் கூடாது. ஓட்டை விழுந்த எலும்பு அதைத் தாங்காது.

படி 4: படுக்கையும் எழுவதும்

முதல் சில நாள் ஓய்வு வேண்டும், மாதக்கணக்கில் அல்ல. படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். தசை போய்விடும், காலில் ரத்தம் உறையும். வலி மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் எழுப்ப வேண்டும், எப்படி எழுப்புகிறோம் என்பதில்தான் விஷயம்.

கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்காரவைப்பது நம் வீடுகளில் எல்லாரும் செய்வது. அப்போது முதுகு வளைகிறது, முறிந்த எலும்பின் முன்பக்கம் மேலும் நசுங்குகிறது. நோய் அரித்த கை எலும்பே உடையக்கூடும். சரியான முறை, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல உடம்பை ஒரே துண்டாகத் திருப்புவது. மல்லாந்து படுத்திருப்பவர் முதலில் இரண்டு முட்டியையும் மடக்க வேண்டும். வலப்பக்கம் இறங்குவதென்றால் இடக்கையை மார்பின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் வலப்பக்கம் நின்று, ஒரு கையை அவருடைய இடத் தோளின் பின்னாலும் இன்னொரு கையை இடுப்பின் பின்னாலும் கொடுங்கள். 'ஒன்று, இரண்டு' என்று சொல்லித் தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி உங்கள் பக்கம் உருட்டுங்கள். முதலில் தோள் வந்து அப்புறம் இடுப்பு வந்தால் நடுவில் முதுகு முறுக்கிக்கொள்ளும். ஒருக்களித்த பிறகு கால்கள் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொல்லுங்கள். கால் இறங்கும் அதே வேகத்தில் அவர் முழங்கையை ஊன்றித் தள்ளினால் மேலுடம்பு தானாக நிமிரும். உட்கார்ந்ததும் உடனே நிற்க வேண்டாம், தலை சுற்றல் அடங்கட்டும். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

இது கட்டிலில்தான் முடியும். தரைப்பாய் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம், குழிவிழுந்த பஞ்சு மெத்தையும் வேண்டாம். குந்தி உட்காரும் கழிப்பறை இருந்தால், ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியை மேலே போட்டுக்கொள்ளுங்கள். குளிக்க முக்காலி, இடுப்பு உயரத்தில் வாளி. தும்மலோ இருமலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பைக்கின் பின்சீட்டு வேண்டவே வேண்டாம்.

பிரேஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் இடுப்பு பெல்ட் நடுமுதுகு முறிவுக்கு உதவாது. முன்னால் வளையாமல் நிமிர்த்திப் பிடிக்கும் டெய்லர் பிரேஸ், ஏ.எஸ்.எச். பிரேஸ் போன்றவற்றை முறிந்த இடத்தைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். உட்காரும்போதும் நடக்கும்போதும் போட்டால் போதும். வலி குறையக் குறைய அதை விட்டுவிட வேண்டும். தொடர்ந்து கட்டிக்கொண்டிருந்தால் முதுகுத் தசை சோம்பிவிடும்.

படி 5: நோய்க்கும் எலும்புக்கும் மருந்து

முதுகு வலியை நிரந்தரமாகக் குறைப்பது பெரும்பாலும் மைலோமாவுக்கான மருந்துதான். போர்டெசோமிப், லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் என்ற மூன்றும் சேர்ந்ததே பரவலான தொடக்கம். வசதியும் தேவையும் உள்ள இடத்தில் டாரட்டுமுமாப் சேரும். தகுதி உள்ளவர்களுக்குப் பிறகு சொந்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை உண்டு. பலருக்குச் சில வாரங்களிலேயே வலி இறங்கத் தொடங்கும். அதனால் 'முதுகு சரியாகட்டும், கீமோ அப்புறம்' என்று தள்ளிப்போடாதீர்கள். படுக்கையில் இருப்பவர் லெனலிடோமைட் எடுக்கும்போது காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால் அன்றே சொல்ல வேண்டும்.

இதோடு எலும்புக்கான மருந்து. ஜோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம், நரம்பு வழியாக, 15 நிமிடத்துக்குக் குறையாமல், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. எலும்பு அரிப்பைத் தடுப்பதுதான் இதன் வேலை. ஆனால் 1,960 நோயாளிகளை வைத்துப் பிரிட்டனில் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், இதே வகையைச் சேர்ந்த பழைய மருந்தான குளோட்ரானேட்டைவிட ஜோலெட்ரானிக் அமிலம் ஆயுளையும் சில மாதம் கூட்டியது. முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். இருந்தாலும் கீமோவில் இருப்பவருக்கு வரும் காய்ச்சலை 'ஊசிக் காய்ச்சல்' என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். சிறுநீரகம் பலவீனமானால் அளவு குறையும், மிகவும் பழுதானால் இது கூடாது.

அப்போது கை கொடுப்பது டெனோசுமாப் 120 மில்லிகிராம், தோலுக்கடியில், நாலு வாரத்துக்கு ஒருமுறை. 1,718 பேரை வைத்து 2018-ல் வெளியான ஒப்பீட்டில், எலும்பு முறிவு போன்ற பாதிப்புகளைத் தடுப்பதில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் விலை கூடிய டெனோசுமாப்பை நாடிப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. இன்னொரு சிக்கலும் உண்டு. டெனோசுமாப்பைத் திடீரென்று நிறுத்தினால் எலும்பு அரிப்பு பாய்ந்து திரும்பி, புதிதாக முள்ளெலும்புகள் நசுங்கலாம். ஊருக்குப் போனோம், தேதி தவறிவிட்டது என்பதற்கு அதில் இடமில்லை.

இரண்டில் எதுவானாலும் முதல் ஊசிக்கு முன்னால் பல் டாக்டரைப் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல்லை அப்போதே பிடுங்கி, புண் ஆறிய பிறகு தொடங்க வேண்டும். மருந்து ஓடும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. வைட்டமின் டி பெரும்பாலும் எல்லாருக்கும் தேவை. கால்சியம் மாத்திரை மட்டும் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் வேண்டாம். தேய்மானம் என்று நினைத்து வாங்கிய பழைய டப்பாவை முதலில் ஓரமாக வையுங்கள்.

படி 6: சிமென்ட், கதிர்வீச்சு, ஸ்க்ரூ

நசுங்கிய எலும்புக்குள் தோல் வழியாக ஊசி செலுத்தி எலும்பு சிமென்ட் நிரப்புவது வெர்டிப்ரோபிளாஸ்டி. முதலில் பலூன் விட்டு இடம் உண்டாக்கி நிரப்பினால் கைஃபோபிளாஸ்டி. 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மைலோமா உள்ளிட்ட புற்றுநோய்களால் முதுகு முறிந்த 134 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். கைஃபோபிளாஸ்டி செய்துகொண்டவர்கள் ஒரே மாதத்தில் அன்றாட வேலைகளில் தெளிவாகத் தேறினார்கள், மற்றவர்களிடம் பெரிய மாற்றமில்லை. அதற்காக முறிந்த எல்லா எலும்புக்கும் சிமென்ட் என்று அர்த்தமில்லை. எம்.ஆர்.ஐ.யில் முறிவு புதிதாகத் தெரிய வேண்டும், வலியும் அதே இடத்தில் இருக்க வேண்டும், மருந்துக்கு அடங்காததாக இருக்க வேண்டும். பிளேட்லெட் மிகக் குறைவு, உடம்பில் தொற்று, எலும்பின் பின்சுவர் உடைந்து தண்டுவடத்தை அழுத்துவது ஆகியவை இருந்தால் யோசிப்பார்கள். சிமென்ட் கசிந்து நரம்புப் பக்கமோ நுரையீரலுக்கோ போய்ப் பாதிப்பு உண்டாக்குவது அபூர்வமாக நடக்கும். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. நோய் இன்னும் உறுதியாகாத நிலையில் இதைச் செய்தால், அதே ஊசி வழியாகத் துளி எலும்பை எடுத்து பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் விட்டால் தேய்மானம் என்ற பெயரோடே சிமென்ட் வைத்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

மைலோமா கதிர்வீச்சுக்கு நன்றாக அடங்கும் நோய். வலிக்காக மட்டுமென்றால் ஒரே முறை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போதுமானதாக இருக்கலாம். தண்டுவடம் அழுந்தினால் ஓரிரு வாரம் தொடர்ந்து கொடுப்பார்கள். ஸ்டெம் செல் மாற்று திட்டத்தில் இருந்தால், அதைக் கதிர்வீச்சு டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள், மஜ்ஜையை அதிகம் சுடாமல் திட்டமிடுவார். ஸ்க்ரூ, கம்பி வைக்கும் பெரிய ஆபரேஷன் தண்டுவடம் நெருக்கப்படும்போதும் முதுகு நிலையில்லாமல் ஆடும்போதும் மட்டும். அரித்த எலும்பு ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்தாது, பல சமயம் சிமென்டோடு சேர்த்தே வைக்க வேண்டிவரும்.

செலவு மலைப்பாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதல் நாளே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, கீமோ, கதிர்வீச்சு, கைஃபோபிளாஸ்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 7: நடக்கத் தொடங்கிய பிறகு

தினமும் நடை, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் முதுகை நிமிர்த்தும் பயிற்சி, ஆழ்ந்த மூச்சு. முன்னால் வளைவதும் இடுப்பை முறுக்குவதும் கூடாது. யோகா பழக்கம் உள்ளவர்கள் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம், சர்வாங்காசனம் மூன்றையும் விட்டுவிட வேண்டும். கீழே கிடப்பதை எடுக்கக் கிடுக்கி வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் எதற்கு? இரவில் கழிப்பறைவரை வெளிச்சம் இருக்கட்டும். உயரத்தைச் சுவரில் குறித்துவைத்து அவ்வப்போது அளந்துபாருங்கள். குறைந்துகொண்டே போனால் வலியில்லாமலே எலும்பு நசுங்குகிறது என்று பொருள்.

நோய் அடங்கிய பிறகும் சிடியில் பழைய ஓட்டைகள் அப்படியே தெரியும், பெரும்பாலும் அவை மூடுவதில்லை. 'பல இடங்களில் லைட்டிக் லீஷன்' என்று அறிக்கையில் பார்த்து நோய் திரும்பிவிட்டதாகப் பதறாதீர்கள். புது வலி வந்தால் அது வேறு விஷயம். நோய் அடங்கியிருக்கும்போதே பலவீனமான எலும்பு ஒன்று நசுங்கியிருக்கலாம், உண்மையிலேயே நோய் திரும்பியும் இருக்கலாம். ரத்தத்தில் எம் புரதமும் (மைலோமா செல்கள் சுரக்கும் புரதம்) லைட் செயினும், முதுகுக்குப் புது எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்துதான் எது என்று சொல்லும். ரேடியாலஜிஸ்ட் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அறிக்கைத் தாளை மட்டுமல்லாமல் ஒவ்வொரு ஸ்கேனின் குறுந்தகட்டையும் தேதி எழுதி ஒரே பையில் போட்டுவைத்து, அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது அந்தப் பையோடு போங்கள்.